சாலிம் அலிக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

பறவை பார்ப்பதையே பிழைப்பாக்கிக்கொள்ள முடியுமா என்று ஒரு மாணவர் கேட்டால், பெரியவர்கள் உடனே பறவையியலாளர் சாலிம் அலியைக் கைகாட்டுவார்கள். சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார்; அதன் தொண்டையில் மஞ்சள் தீற்று இருந்தது; அது என்ன பறவை என்று விசாரிக்கப் போனார்; கடைசியில் பத்ம விபூஷண் வாங்கினார். பள்ளிப் பாடத்துக்கு இது போதும். வேலை தேடுகிறவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. அந்தச் சிட்டுக்கும் 1976இல் வந்த அந்த விருதுக்கும் நடுவே ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கிடக்கின்றன. அத்தனை காலமும் அந்த மனிதருக்குச் சோறு போட்டது எது என்பதை யாரும் சொல்வதில்லை.

அவர் வாழ்க்கையைப் பணம் வந்த வழியிலிருந்து பார்க்கிறது இந்த ஆய்வு. அப்படிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பறவை பார்ப்பதற்கென்று அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வேறு ஏதோ ஒரு தேவைக்காகக் கொடுத்தார்கள். அந்தத் தேவையை மோப்பம் பிடித்து, அதற்குள் தம் பறவைகளை நுழைத்துக்கொண்டதில் இருக்கிறது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

பட்டம் இல்லாத பறவையியலாளர்

சாலிம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜி வீட்டில் வளர்ந்தார். தயாப்ஜி குடும்பம் வசதியானது, செல்வாக்கானது. காங்கிரஸின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான பத்ருதீன் தயாப்ஜியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். இதை இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

மஞ்சள் தொண்டைச் சிட்டை எடுத்துக்கொண்டு சிறுவன் போன இடம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். 1883இல் தொடங்கிய அமைப்பு அது. அதன் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்ட் பறவையை அடையாளம் சொன்னதோடு நிற்காமல், கழகத்தின் அலமாரிகளைத் திறந்து, கெடாமல் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை வரிசையாகக் காட்டினார். பறவையை உரித்துப் பாடம் செய்யவும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கதையில் எல்லோரும் சிட்டை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அலமாரியைத் திறந்த மனிதரையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனாலும் அந்த ஆர்வம் உடனே தொழிலாகிவிடவில்லை. கல்லூரிப் படிப்பு ஒட்டவில்லை. பர்மாவின் தவாய் பகுதியில் குடும்பத்துக்கு இருந்த வுல்ஃப்ரம் (டங்ஸ்டன் தாது) சுரங்கத்தையும் மரத் தொழிலையும் கவனிக்கப் போனார். காட்டைச் சுற்றினார், பறவை பார்த்தார், வியாபாரம் சரியாக நடக்கவில்லை. 1917இல் பம்பாய் திரும்பி ஒரு வணிகக் கல்லூரியில் சட்டமும் கணக்கும் படித்தார். புனித சேவியர் கல்லூரியின் பாதிரியார் ஈதெல்பர்ட் பிளாட்டர், இவர் மனம் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டு, விலங்கியல் வகுப்புக்கும் வரச் சொன்னார். 1918இல் தெஹ்மினாவுடன் திருமணம். பிறகு மறுபடியும் பர்மா, மறுபடியும் நஷ்டம்.

தொழில் நொடித்து ஊர் திரும்பியவர் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணியிடம் ஒன்றுக்கு முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் இதே மனிதருக்கு அலிகர் பல்கலைக்கழகமும் வேறு பல்கலைக்கழகங்களும் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. அப்போது அவருக்கு அது தேவைப்படவில்லை.

1926இல் முதல் சம்பளம் கிடைத்தது. பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறந்த இயற்கை வரலாற்றுப் பிரிவுக்கு, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளராகச் சேர்ந்தார். மாதம் 350 ரூபாய். அந்தக் காலத்துக்கு நல்ல சம்பளம்தான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பறவைகளைப் பற்றி நாள் முழுதும் பேசிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. இரண்டே ஆண்டுகளில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குக் கப்பலேறினார்.

பெர்லினும் கீகிமும்

பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமகன் ஒருவர் லண்டனுக்குப் போகாமல் பெர்லினுக்குப் போனது தற்செயலாக நடந்ததல்ல. பர்மாவில் ஜே. கே. ஸ்டான்ஃபோர்டு சேகரித்த பறவை மாதிரிகளை ஆராயும் வேலை இவருக்கு வர இருந்தது. ஓர் இந்தியர் இதில் கை வைப்பதை ஆங்கிலேயப் பறவையியலாளர் கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் விரும்பவில்லை. அதைவிட, ஒரு ஜெர்மானியரைச் சேர்த்துக்கொள்வது அவருக்கு இன்னும் கசந்தது. கழகம் அவருடைய எதிர்ப்புக் கடிதங்களைக் காதில் வாங்கவில்லை. பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் ஜெர்மானியப் பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெஸமான் இவரை முகமலர்ந்து ஏற்றுக்கொண்டார். பின்னாளில் சாலிம் அலி தம் குரு என்று சொன்னது ஸ்ட்ரெஸமானைத்தான்.

அங்கே அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. பறவையைப் பார்க்கும் ஒரு முறை கிடைத்தது. அருங்காட்சியக இழுப்பறையில் கிடக்கும் தோலை அளந்து பெயர் வைப்பதோடு பறவையியல் முடிவதில்லை, உயிருள்ள பறவை என்ன செய்கிறது என்று பார்ப்பதும் அறிவியல்தான் என்னும் எண்ணம் அந்த வட்டாரத்தில் வேரூன்றி வந்த காலம் அது. ஹெலிகோலாந்து தீவின் பறவை ஆய்வு நிலையத்தில் பறவையின் பயணத்தை அறிய அதன் காலில் அடையாள வளையம் இடும் பயிற்சியும் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பயிற்சிக்கு வேலை வந்தது.

1930இல் திரும்பி வந்தபோது அருங்காட்சியகத்தில் அவருடைய பதவியே இல்லை. நிதிப் பற்றாக்குறை என்று எடுத்துவிட்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் பம்பாய்க்கு அருகே கடலோரக் கிராமமான கீகிமுக்குக் குடிபோனார்கள். வேலையில்லாமல் இருந்த இந்த மாதங்களில்தான் அவர் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். என் கணிப்பில் அவருடைய தொழில் வாழ்க்கை உண்மையில் தொடங்கியது இங்கேதான்.

தூக்கணாங்குருவிக் கூட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் ஆண் எங்கே நிறுத்துகிறது என்று எத்தனை பேர் கவனித்திருப்போம்? ஆண் குருவி புல்லிதழின் ஓரத்தை அலகால் கடித்து, பிடித்துக்கொண்டே பறந்து, நீளமான நாராகக் கிழித்துவரும். கிளையில் முதலில் ஒரு வளையம் கட்டும், வளையத்துக்கு மேல் கூரை வேயும். கூடு தலைக்கவசம் போலப் பாதி வடிவில் இருக்கும்போது வேலை நின்றுவிடும். அதன் பிறகு இறக்கையை அடித்துக்கொண்டு பெண்களை அழைக்கும். பெண் வந்து உள்ளே புகுந்து, நாரை இழுத்துப் பார்த்து, பிடித்திருந்தால் தங்கும். பிடிக்காவிட்டால் அந்தப் பாதிக் கூடு அப்படியே கிடக்கும். ஏற்றுக்கொண்ட கூட்டை மட்டும் ஆண் முழுமையாக்கும். முட்டை அறையும் கீழே தொங்கும் குழாயும் அப்போதுதான் வரும். பெண் அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் பக்கத்துக் கிளையில் அடுத்த கூட்டுக்கு வளையம் கட்டத் தொடங்கிவிடும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணைகள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து குடும்பம் நடத்துவதாகவே பலரும் நினைத்திருந்த ஒரு சாதாரணப் பறவை இது. ஒரே கூட்டத்தை ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லாததால் விஷயம் வெளியே வராமல் இருந்தது. இவரிடம் நேரம் இருந்தது. கட்டுரை 1931இல் கழகத்தின் ஆய்விதழில் வந்தது. அந்த ஒரே கட்டுரை, பட்டமும் பதவியும் இல்லாத ஒருவரைத் துறைக்குள் அறிமுகப்படுத்தியது. ஆர்வலராக இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஆயிரம் இனங்களைப் பார்த்த பட்டியலைவிட, ஒரே இனத்தைப் பற்றி அச்சில் வந்த ஒரு நல்ல கட்டுரை உங்களை அதிக தூரம் கொண்டுபோகும்.

சமஸ்தானங்களோடு ஓர் ஏற்பாடு

பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்த பகுதிகளின் பறவைகளைப் பற்றி அதிகாரிகளும் படைவீரர்களும் ஏற்கனவே நிறைய எழுதியிருந்தார்கள். சமஸ்தானங்களில் பல பகுதிகள் வெற்றிடமாகக் கிடந்தன. கழகத்திடம் சாலிம் அலி வைத்த யோசனை எளிமையானது. தமக்கு ஊதியம் வேண்டாம். முகாம், வண்டி, உதவியாளர் செலவை மட்டும் அந்தந்தச் சமஸ்தானம் ஏற்கட்டும். முறையான பறவைக் கணக்கெடுப்பைத் தாம் நடத்தித் தருகிறேன் என்றார். முதலில் ஹைதராபாத் இசைந்தது. பிறகு திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் என்று நீண்டது. கட்ச் அரசரின் ஆதரவில் அந்தப் பகுதியின் பறவைகளைப் பற்றி 1945இல் ஒரு நூலே வந்தது.

இதில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பிரித்துப் பார்க்கலாம். சமஸ்தானத்துக்குத் தன் மண்ணின் உயிர்வளத்தைப் பற்றி அறிவியல் ஆவணம் ஒன்று மலிவு விலையில் கிடைத்தது, கூடவே பெருமையும். கழகத்துக்கு மாதிரிகளும் ஆய்விதழுக்குக் கட்டுரைத் தொடரும் கிடைத்தன. சாலிம் அலிக்குக் கிடைத்தது துணைக்கண்டத்தின் காடுகளுக்குள் நுழையும் அனுமதி. அதற்கு எந்தச் சம்பளமும் ஈடாகாது.

கள வேலை காதல் கதை போல இருந்திருக்காது. அந்தக் காலக் கணக்கெடுப்பு துப்பாக்கியோடு நடந்தது. விடியலில் சுடுவார்கள், வெயில் ஏறுவதற்குள் கூடாரத்துக்குத் திரும்பித் தோலை உரித்துப் பாடம் செய்ய வேண்டும், இல்லையென்றால் அழுகிவிடும். ஒவ்வொரு மாதிரியின் காலிலும் ஒரு சீட்டு கட்ட வேண்டும்: இடம், தேதி, ஆணா பெண்ணா, இனப்பெருக்க உறுப்பின் நிலை, இரைப்பையில் இருந்தது என்ன. கண்ணின் நிறத்தையும் அலகின் நிறத்தையும் உடனே எழுதியாக வேண்டும், சில மணி நேரத்தில் அவை மங்கிவிடும். தெஹ்மினா பல முகாம்களில் கூடவே இருந்தார். 1939இல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் இறந்தது சாலிம் அலியை உடைத்துப்போட்டது. அதன் பிறகு சகோதரி கமூவின் வீட்டில்தான் அவர் வாழ்ந்தார்.

மாதிரிகளை வகைப்படுத்துவதில் துணைநின்றவர் ஹ்யூ விஸ்லர், இந்தியப் பறவைகளைப் பற்றி அன்று பெரிய பெயர். இருவருக்கும் அறிமுகமே சண்டையில் தொடங்கியது. துடுப்புவால் கரிச்சானின் வாலில் நீண்ட கம்பியின் நுனியில் ஒரு துடுப்பு இருக்கும். அந்தத் துடுப்பில் இறகிழை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்தப் பக்கத்தில் இல்லை என்று பழைய நூல்கள் சொன்னதை விஸ்லரும் வழிமொழிந்திருந்தார். அது தவறு, இறகின் தண்டு முறுக்கிக்கொள்வதால் பக்கம் மாறித் தெரிகிறது என்று சாலிம் அலி எழுதினார். பெயர் தெரியாத ஓர் இந்தியன் குற்றம் கண்டுபிடிப்பதா என்று விஸ்லருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு தம் மாதிரிகளை எடுத்துப் பார்த்தார், தவறை ஒப்புக்கொண்டார், நெருங்கிய நண்பராகவும் ஆனார். ஒரே ஓர் இறகைச் சரியாகப் பார்த்ததற்குக் கிடைத்த கூலி இது. விஸ்லரின் பெருந்தன்மையும் சேர்ந்துதான் இது நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. எல்லாப் பெரியவர்களும் தம் மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கணக்கெடுப்புகளின் மதிப்பு இன்றும் குறையவில்லை. 1933இல் அவர் திருவிதாங்கூர்-கொச்சியில் முகாமிட்ட இடங்களுக்கே 2009இல் திரும்பிப் போய்ப் பறவை ஆர்வலர்கள் மறு கணக்கெடுப்பு நடத்தினார்கள். இடமும் தேதியும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது.

அச்சும் புரவலரும்

1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் பொதுமக்களுக்காக எழுதிய கையேடு வெளியானது. அதில் ஒரு சின்ன உத்தி எனக்கு மிகவும் பிடிக்கும். பறவையின் அளவை எண்ணில் மட்டும் சொல்லாமல், சிட்டுக்குருவி, புல்புல், மைனா, காகம் என்று எல்லோருக்கும் தெரிந்த பறவைகளை அளவுகோலாக வைத்தார். சிட்டுக்குருவியைவிடப் பெரியது, மைனாவைவிடச் சிறியது என்று சொன்னால் புதியவருக்கும் உடனே பிடிபடும். இந்திரா காந்திக்குப் பறவை ஆர்வம் ஏற்பட்டதிலும் இந்த நூலுக்குப் பங்கு உண்டு. நூல் கொடுத்த செல்வாக்கு நூல் கொடுத்த வருமானத்தைவிடப் பெரிது என்பது என் ஊகம். பின்னாளில் கழகம் நிதியில்லாமல் தள்ளாடியபோது அவரால் நேருவுக்கு எழுத முடிந்தது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டுக்கும் ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்கும் ஆபத்து வந்தபோது டெல்லியில் அவர் பேச்சு எடுபட்டது.

தனிப்பட்ட புரவலரும் ஒருவர் இருந்தார். சிங்கப்பூரின் திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோ போர்க்காலத்தில் பம்பாய் வந்தபோது பழக்கமானார். அவருக்குப் பறவைகளைப் படம் பிடிப்பதில் பித்து. பல பயணங்களுக்கு அவர் பணம் உதவியது. இந்த வகை அதிர்ஷ்டத்தைத் திட்டமிட முடியாது என்பதால் இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

உண்ணி கொண்டுவந்த நிதி

இந்தக் கதையிலேயே மிகச் சுவையான கட்டம் இது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. உண்ணிகள் பரப்பும் அந்தப் புதிய வைரஸ், ரஷ்யாவில் காணப்பட்ட ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவாக இருந்தது. அப்படியானால் வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வருகின்றனவா என்று சந்தேகம் எழுந்தது. பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று இந்தியாவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நிதியோடு கழகத்தின் வலசை ஆய்வு தொடங்கியது. ஹெலிகோலாந்தில் கற்ற வளையம் இங்கே வேலைக்கு வந்தது. நம் கோடியக்கரையும் பின்னர் வளையமிடும் முக்கியக் களங்களில் ஒன்றானது.

நோய்க்காக வந்த பணம் வலசைக்கு விளக்கேற்றியது. ஆனால் கொடுத்தவரின் நோக்கமும் பணத்தோடு கூடவே வரும். அமெரிக்க ராணுவத்தின் மருத்துவ ஆராய்ச்சித் தொடர்பு இந்தத் திட்டங்களில் இருந்தது 1970களில் சர்ச்சையாகி, நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது. பறவைகளைத் தவிர வேறு எதையும் நினைக்காதவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வெளி நிதியில் வேலை செய்கிறவர், அந்த நிதி எந்தக் கதவு வழியாக வந்தது என்று ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து துணைக்கண்டப் பறவைகளைப் பற்றி எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 தொடங்கி 1974 வரை வெளிவந்தது. முதல் தொகுதி வந்தபோது அவருக்கு எழுபது கடந்திருந்தது. இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கான ஜே. பால் கெட்டி பரிசாக வந்த தொகையையும் அதே பணிக்கான நிதியமாக்கிவிட்டார். 1987இல் இறந்தார்.

இன்று இது எவ்வளவு பொருந்தும்

துப்பாக்கி வழி அடைபட்டுவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பறவையைச் சுடுவது இருக்கட்டும், அனுமதி இல்லாமல் வலை கட்டிப் பிடித்து வளையமிடுவதே குற்றம். சமஸ்தானங்களும் இல்லை. பட்டம் இல்லாதவருக்கு அன்று மூடிய ஆய்வுப் பணியின் கதவு இன்று இன்னும் இறுக்கமாக மூடியிருக்கிறது. ஆய்வுதான் வேண்டும் என்றால் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனமோ, கோவை ஆனைகட்டியில் 1990இல் அவர் பெயரிலேயே தொடங்கிய ஆய்வு மையமோ, பல்கலைக்கழகமோ, எங்கே போனாலும் முதுகலைப் பட்டமும் புள்ளியியலும் தேவைப்படும். குருவியை நூறு கஜத்தில் அடையாளம் காண்பவர்கள் பலர் புள்ளியியலைக் கண்டால் ஓடுகிறார்கள். வேலை போவது அங்கேதான்.

பட்டம் கேட்காத வழி வழிகாட்டி வேலை. கேரளத்தின் தட்டேக்காடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1930களில் சாலிம் அலி சுற்றிய காடு அது. அவர் பரிந்துரைத்துத்தான் 1983இல் சரணாலயம் ஆனது. இன்று அந்தக் காட்டை ஒட்டி வாழ்கிறவர்களில் சிலர் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியும் தங்க இடம் கொடுத்தும் பிழைக்கிறார்கள். தவளைவாயன் என்னும் இரவுப் பறவை பகலில் எந்தக் கிளையில் தூங்கும் என்று தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால் இது பருவத்து வருமானம். மழைக்காலத்துக்கு வேறொரு வேலை கைவசம் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழியைப் பற்றி ஆர்வலர்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். காற்றாலை, மின்கம்பி, விமான நிலையம், துறைமுகம் என்று எங்கே எது வந்தாலும் பறவைகளைப் பற்றிய அறிக்கை தேவைப்படுகிறது. ஆய்வு நிறுவனங்கள் அதற்குக் களப் பணியாளர்களை அமர்த்துகின்றன. உண்ணிக்காக வந்த நிதிக்கு இன்றைய உறவினர் இது. ஒரே ஒரு பருவத்தின் தரவை வைத்து அறிக்கை முடிந்துவிடுவதும் உண்டு. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் நிறையும் ஏரியைக் கோடையில் போய் எண்ணினால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட அறிக்கையில் உங்கள் பெயர் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

ஊதியம் வேண்டாம் என்ற ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சாலிம் அலியால் அப்படிச் சொல்ல முடிந்ததற்கு முதலில் குறித்துக்கொள்ளச் சொன்ன குடும்ப வசதி ஒரு காரணம். வேலை போனபோது ஒதுங்க இடம் இருந்தது. சிக்கனத்துக்குச் சம்மதித்த மனைவி இருந்தார். பிற்காலத்தில் சகோதரியின் வீடு இருந்தது. வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பியாக வேண்டிய ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ அவரை முன்மாதிரியாகக் காட்டி இலவச வேலைக்கு அழைப்பது அநியாயம். இன்று அப்படிப் பல அழைப்புகள் ‘பயிற்சி’ என்ற பெயரில் வருகின்றன. அவருமே சும்மா கொடுத்துவிடவில்லை. செலவு சமஸ்தானத்தின் மேல், கட்டுரை தம் பெயரில் என்பதுதான் ஏற்பாடு. தங்குமிடம், சாப்பாடு, பயணச் செலவு யாருடையது, எடுக்கும் தரவு யார் பெயரில் வெளியாகும் என்ற இரண்டையும் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், அந்தப் பருவத்தை உங்கள் ஊர் ஏரியில் ஒரே ஒரு பறவையோடு செலவிடுவது மேல்.